செவ்வாயில தண்ணி இருந்ததெண்டு எப்பிடித் தெரியும்?

ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருக்கா அந்தச் செய்தி வந்துவிடும்: 'செவ்வாயில் தண்ணீர் கண்டுபிடிப்பு'. பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வரும், பிறகு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். கொஞ்சம் நினைவாற்றல் உள்ள யாரும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: "போன முறையும் இதைத்தானே கண்டுபிடிச்சவங்கள்? எத்தினை தரம் கண்டுபிடிப்பாங்கள்?"

நியாயமான கேள்விதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அவர்கள் கண்டுபிடித்தது ஒரே விசயம் இல்லை. 'செவ்வாயில் தண்ணீர்' என்ற ஒரு தலைப்புக்குள்ளே குறைந்தது மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அங்கே எப்போதாவது தண்ணீர் ஓடியதா? ஓடியதென்றால், எவ்வளவு காலம், எப்படிப்பட்ட தண்ணீர்? இப்போது அது எங்கே? இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான், நூறு வருடத்துக்கும் மேலாக நீளும் இந்தக் கதை நமக்குப் பிடிபடும். பெரிய கெட்டிக்காரர்களே ஏமாந்துபோன கதையும் இதுதான்.

வாய்க்கால் கண்ட காலம்

1877 இல் செவ்வாய் பூமிக்கு மிகக் கிட்ட வந்திருந்தது. இத்தாலியின் மிலான் நகரத்து வானாய்வு நிலையத்தில் இருந்த ஜியோவானி சியாப்பரெல்லி, தொலைகாட்டியூடாக அந்தக் கோளின் படத்தை வரையத் தொடங்கினார். கருமையான பகுதிகளை அதற்கு முன்பிருந்தே கடல்கள் என்றுதான் அழைத்து வந்தார்கள். அவற்றை இணைப்பதுபோல மெல்லிய கோடுகள் அவருக்குத் தெரிந்தன. அவற்றுக்கு 'கனாலி' என்று பேர் வைத்தார். இத்தாலிய மொழியில் அந்தச் சொல் இயற்கையாக ஓடும் நீரோடைக்கும் பொருந்தும், ஆள் வைத்து வெட்டிய கால்வாய்க்கும் பொருந்தும். ஆங்கிலத்துக்குப் போனபோது இரண்டாவது அர்த்தமே நிலைத்தது.

அது கால்வாய்களின் காலம் என்பதையும் மறக்கக்கூடாது. சுயஸ் கால்வாய் திறந்து எட்டு வருடம்தான் ஆகியிருந்தது. பாலைவனத்தை வெட்டி இரண்டு கடல்களைச் சேர்ப்பதுதான் மனித ஆற்றலின் உச்சம் என்று ஐரோப்பா நம்பிக்கொண்டிருந்த நேரம். வானத்திலும் அதைத்தானே கண் தேடும்?

அமெரிக்கச் செல்வந்தர் பேர்சிவல் லோவெல் 1894 இல் அரிசோனாவின் பிளாக்ஸ்டாஃப் ஊரில் சொந்தச் செலவில் ஒரு வானாய்வு நிலையமே கட்டினார். அடுத்த ஆண்டே செவ்வாய் பற்றிப் புத்தகம் எழுதினார். அவருடைய கதை கச்சிதமானது. செவ்வாய் காய்ந்துகொண்டு போகிறது. அங்குள்ள அறிவுள்ள உயிர்கள் துருவத்துப் பனி உருகிய தண்ணீரை நடுப்பகுதிக்குக் கொண்டுவரக் கோள் முழுக்க வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். வாசித்தவர்களுக்கு இந்தக் கதையை விட மனமில்லை.

நமக்கு இங்கே வியப்பாக இருப்பது லோவெல் பிழை விட்டது இல்லை. அது பிழை என்று காட்டும் சான்றுகள் அந்த நேரத்திலேயே கையில் இருந்தன என்பதுதான். 1894 இலேயே கலிபோர்னியாவின் லிக் வானாய்வு நிலையத்தில் வில்லியம் கேம்பெல், செவ்வாயிலிருந்து வரும் ஒளியையும் சந்திரனிலிருந்து வரும் ஒளியையும் நிறமாலையாகப் பிரித்து ஒப்பிட்டார். சந்திரனுக்குக் காற்றுமண்டலம் இல்லை. செவ்வாயில் நீராவி தாராளமாக இருந்தால் இரண்டு நிறமாலைக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். வித்தியாசம் எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

1903 இல் எட்வர்ட் மோண்டர் என்ற ஆங்கிலேய வானியலாளர் இன்னொரு வழியில் போனார். பள்ளிக்கூடப் பொடியன்களை வெவ்வேறு தூரங்களில் இருத்தி, புள்ளிகளும் நெளிவுகளும் நிழல்களும் கொண்ட ஒரு வட்டப் படத்தைக் காட்டி வரையச் சொன்னார். அந்தப் படத்தில் நேர்கோடே கிடையாது. ஆனால் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் இருந்த பிள்ளைகள் நேர்கோடுகளை வரைந்து கொடுத்தார்கள். தெளிவில்லாத புள்ளிகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கோடாக்குவது கண்ணும் மூளையும் சேர்ந்து செய்யும் வேலை என்பது அதில் தெரிந்தது.

1907 இல் அல்பிரட் ரசல் வொலஸ் களத்தில் இறங்கினார். டார்வினோடு சமகாலத்தில் இயற்கைத் தேர்வைக் கண்டறிந்த அதே வொலஸ்தான். எண்பது வயதைத் தாண்டியிருந்த அவர் லோவெலுக்கு மறுப்பாக ஒரு சிறு புத்தகமே எழுதினார். செவ்வாய் கடுங்குளிரான இடம், காற்று மிக மெல்லியது, அப்படியான இடத்தில் திறந்த வாய்க்காலில் தண்ணீர் விட்டால் அது போய்ச் சேராது என்பது அவருடைய வாதம். 1909 இல் யூஜீன் அந்தோனியாதி பாரிசுக்குப் பக்கத்து மூடோனில் இருந்த 83 சென்ரிமீற்றர் தொலைகாட்டியால் பார்த்தபோது, கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒழுங்கற்ற திட்டுகளே தெரிந்தன.

லோவெல் பொய் சொன்னவர் என்று நாம் நினைக்கவில்லை. அவர் நேர்மையாகத்தான் பார்த்தார். ஆனால் என்ன தெரிய வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுப் பார்த்தார்.

இருபத்தொரு படங்கள்

1965 ஜூலையில் அமெரிக்காவின் மரைனர் 4 செவ்வாயைக் கடந்து போனது. வேறொரு கோளைக் கிட்ட இருந்து எடுத்த முதல் படங்களை அது அனுப்பியது. மொத்தம் 21 முழுப் படங்கள். எதிலும் வாய்க்கால் இல்லை. சந்திரனில் இருப்பது போன்ற குழிகள்தான் இருந்தன.

படத்தை விடப் பெரிய அடி இன்னொரு அளவீட்டில் விழுந்தது. கலம் செவ்வாயின் பின்னால் மறையும்போது அதன் வானொலி அலை அந்தக் காற்றுமண்டலத்தை ஊடுருவி வந்தது. அலை எவ்வளவு வளைந்தது என்பதை வைத்து வளியமுக்கத்தைக் கணித்தார்கள். ஏறத்தாழ 4 முதல் 7 மில்லிபார். நம்முடைய கடல்மட்டத்தில் அது 1013 மில்லிபார். இந்த எண் ஏன் முக்கியம்? ஏறத்தாழ 6 மில்லிபாருக்குக் கீழே தூய தண்ணீர் திரவமாக இருக்கவே முடியாது. பனிக்கட்டியை வெயிலில் வைத்தால் உருகாமல் நேராக ஆவியாகிவிடும். வொலஸ் சொன்னது கிட்டத்தட்டச் சரியாகவே வந்தது.

உடனே ஊசல் மறுபக்கம் ஆடியது. செவ்வாய் ஒரு செத்த கோள், எந்தக் காலத்திலும் அது அப்படித்தான் இருந்திருக்கும் என்று பலர் முடிவு கட்டினார்கள். ஆனால் அந்த 21 படங்களும் சேர்ந்து காட்டியது செவ்வாயின் மேற்பரப்பில் நூற்றில் ஒரு பங்கைத்தான். லோவெல் இல்லாததைக் கண்டார் என்றால், இவர்கள் பார்க்காததை இல்லை என்றார்கள். இரண்டும் ஒரே வகைத் தவறுதான்.

புழுதி அடங்கிய பிறகு

1971 நவம்பர் 14 அன்று மரைனர் 9 செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. இன்னொரு கோளைச் சுற்றிய முதல் விண்கலம் அதுதான். ஆனால் போய்ச் சேர்ந்த நேரம் கோள் முழுவதையும் மூடிப் புழுதிப்புயல். ஒன்றும் தெரியவில்லை. காத்திருந்தார்கள். புழுதி மெல்ல அடங்க முதலில் இராட்சத எரிமலைகளின் உச்சிகள் வெளிப்பட்டன. பிறகு 4000 கிலோமீற்றர் நீளப் பள்ளத்தாக்கு ஒன்று. பிறகு, யாரும் எதிர்பார்க்காத ஒன்று: காய்ந்த ஆற்றுப் படுக்கைகள்.

இரண்டு வகை ஆறுகள் இருந்தன. ஒன்று, கிளை கிளையாகப் பிரிந்து, மேட்டு நிலங்களில் மரத்தின் வேர் மாதிரிப் பரவிய சிறு பள்ளத்தாக்குகள். மற்றது பத்துக்கணக்கான கிலோமீற்றர் அகலத்தில், திடீரென்று எங்கோ தொடங்கி, வழியில் இருந்ததையெல்லாம் சீவிக்கொண்டு போன மாபெரும் வாய்கள். இவற்றில் பலவற்றுக்குச் செவ்வாயின் பேரையே வெவ்வேறு மொழிகளில் வைத்தார்கள். ஜப்பானிய மொழியில் கசேய், எபிரேயத்தில் மாதிம், அரபியில் அல் காஹிரா, சமஸ்கிருதத்தில் மங்கள.

அந்த இரண்டாம் வகையைப் புரிந்துகொள்ள உதவியவர் செவ்வாயைப் பற்றி ஒன்றும் எழுதாத ஒரு மனிதர். ஜே ஹார்லன் பிரெட்ஸ் என்ற நிலவியலாளர். அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் கரும்பாறை கிழிந்து கிடக்கும் ஒரு விசித்திரமான நிலப்பரப்பை அவர் கால்நடையாக ஆராய்ந்து, இது ஒரே அடியாக வந்த பெருவெள்ளத்தின் வேலை என்று 1923 இல் எழுதினார். சக ஆய்வாளர்கள் அவரைச் சும்மா விடவில்லை. நிலம் மெல்ல மெல்லத்தான் மாறும் என்பது அன்றைய நிலவியலின் வேதவாக்கு. 'பெருவெள்ளம்' என்ற சொல்லிலேயே விவிலியத்தின் நோவா வாசனை அடித்தது அவர்களுக்கு. பிறகுதான் பனியுகத்தில் பனிச்சுவர் ஒன்று அணைபோல மறித்து வைத்திருந்த பெரும் ஏரி உடைத்துக்கொண்டு பாய்ந்தது உறுதியானது. அமெரிக்க நிலவியல் சங்கத்தின் அதியுயர் பதக்கம் 1979 இல் அவருக்குக் கிடைத்தபோது வயது 96. அவருடைய அந்த வெள்ளநிலத்தைத்தான் 1970களில் விக்டர் பேக்கர் போன்றவர்கள் செவ்வாயின் மாபெரும் வாய்களோடு ஒப்பிட்டார்கள். அதே கண்ணீர்த்துளி வடிவத் தீவுகள், அதே சீவல்கள். அளவுதான் பலமடங்கு பெரியது.

ஆக முதல் கேள்விக்கு அரைப் பதில் கிடைத்தது. ஏன் அரைப் பதில்? வடிவம் தனியே சாட்சி சொல்லாது. எரிமலைக் குழம்பும் வாய்க்கால் வெட்டும். ஓடியது தண்ணீர்தான் என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் கல்லைத் தொட்டுக் கேட்க வேண்டும்.

கல்லிடம் கேட்டது

2001 இல் அனுப்பிய ஒரு கலத்துக்கு நாசா '2001 மார்ஸ் ஒடிசி' என்று பேர் வைத்தது. கொழும்பில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'க்குச் செலுத்திய மரியாதை அது. அந்தக் கலம் 2002 இல் செவ்வாயின் மண்ணிலிருந்து வரும் நியூத்திரன்களையும் காமாக் கதிர்களையும் அளந்து, துருவப் பக்கங்களில் மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழேயே ஏராளம் ஐதரசன் இருப்பதைக் காட்டியது. ஐதரசன் அவ்வளவு இருந்தால் அது பனிக்கட்டிதான். 2008 இல் வடதுருவப் பக்கம் இறங்கிய பீனிக்ஸ் கலம் மண்ணைக் கிண்டியபோது வெள்ளையாக ஏதோ தெரிந்தது. சில நாட்களில் அந்த வெள்ளைக் கட்டிகள் உருகாமலேயே காணாமற் போயின. உப்பென்றால் அப்படிப் போகாது. பிறகு மண்ணைச் சூடாக்கி வந்த ஆவியை அளந்தபோது அது தண்ணீரேதான்.

பழைய ஆறுகளின் கதையை எடுத்துக்கொண்டவை ஊர்திகள். 2004 ஜனவரியில் ஒப்பர்சூனிட்டி இறங்கிய இடத்தைத் தெரிவு செய்ததே, ஹெமற்றைற் என்ற இரும்புக் கனியம் அங்கே இருப்பதாகச் சுற்றுக்கலம் ஒன்று கண்டிருந்ததால்தான். போய்ப் பார்த்தால், பாறைக்குள்ளே மிளகு மிளகாகச் சிறு உருண்டைகள். பாறைக்குள் ஊறிய நிலத்தடி நீரில் படிந்து உருண்டவை அவை. பக்கத்திலேயே ஜாரொசைற் என்ற கனியமும் இருந்தது. தண்ணீர் இல்லாமல் அது உருவாகாது. அதுவும் அமிலத் தண்ணீரில்தான் உருவாகும். 90 நாளைக்கென்று போன அந்த ஊர்தி 2018 வரை வேலை செய்தது.

மறுபக்கத்தில் இருந்த அதன் இரட்டை, ஸ்பிரிற். அதற்கு முன்சக்கரம் ஒன்று பழுதாகிவிட்டது. சக்கரத்தை இழுத்துக்கொண்டே பின்பக்கமாக ஊர்ந்து திரிந்தது. 2007 இல் அந்த இழுபட்ட சக்கரம் கீறிய தடத்தில் வெள்ளை மண் வெளிப்பட்டது. பரிசோதித்தால் ஏறத்தாழ 90 வீதம் தூய சிலிக்கா. வெந்நீர் ஊற்று அல்லது எரிமலை நீராவி இருந்த இடத்தில் உருவாகும் பொருள். சக்கரம் நல்லாயிருந்திருந்தால் அதைக் கண்டிருக்கவே மாட்டார்கள்.

இங்கேதான் இரண்டாவது கேள்வி முன்னுக்கு வருகிறது: எப்படிப்பட்ட தண்ணீர்? அமிலமும் உப்பும் நிறைந்த தண்ணீரில் உயிர் தொடங்குவது கடினம். 2012 ஓகஸ்டில் கேல் என்ற 154 கிலோமீற்றர் அகலக் குழிக்குள் இறங்கிய கியூரியோசிற்றி இதற்கு வேறொரு பதில் கொண்டுவந்தது. சில வாரங்களிலேயே, உருண்டு மழுங்கிய கூழாங்கற்கள் சேர்ந்து இறுகிய பாறையைக் கண்டது. காற்று மணலைத்தான் தூக்கும், அந்தப் பருமனான கல்லை உருட்டாது. கற்களின் பருமனையும் வடிவத்தையும் வைத்து, அங்கே கணுக்காலிலிருந்து இடுப்பு வரை ஆழத்தில் ஓர் ஆறு ஓடியதென்று கணித்தார்கள். 2013 இல் அது துளையிட்ட சேற்றுப்பாறையில் களிமண் கனியங்கள் இருந்தன. அது அமிலமில்லாத, உப்பு குறைந்த ஏரித் தண்ணீர். நாமே குடித்திருக்கக்கூடிய தண்ணீர்.

2021 பெப்ரவரி 18 அன்று பெர்சவரன்ஸ் இறங்கிய குழியின் பேர் ஜெசரோ. பல சிலாவிய மொழிகளில் அதற்கு ஏரி என்றே பொருள். ஆறு ஒன்று ஏரிக்குள் விழும் இடத்தில் வண்டலைக் கொட்டி உண்டாக்கிய கழிமுகம் அங்கே அப்படியே கல்லாகி நிற்கிறது. சாய்வான படைகளையும், அவற்றின் மேல் பிந்தி வந்த வெள்ளம் உருட்டிப்போட்ட பெரும் பாறைகளையும் ஊர்தியின் கமரா படமெடுத்தது. முதல் கேள்விக்கு இப்போது பதில் முழுசாகிவிட்டது: ஓடியது. முந்நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஆறாகவும் ஏரியாகவும்.

திரும்பவும் ஏமாறிய கதை

வாய்க்கால் கதை லோவெலோடு முடிந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. 2011 இல், நேபாளத்தில் பிறந்து அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு மாணவராக இருந்த லுஜேந்திர ஓஜா, சுற்றுக்கலத்துப் படங்களில் ஒரு விசயத்தைக் கவனித்தார். கோடை காலத்தில் செங்குத்தான சரிவுகளில் கரிய கோடுகள் தோன்றி நீள்கின்றன, குளிரில் மங்கிவிடுகின்றன. 2015 செப்டெம்பரில் அந்தக் கோடுகளில் நீரேறிய உப்புகள் இருப்பதாக ஓஜாவும் குழுவினரும் அறிவித்தார்கள். இன்றைக்கும் செவ்வாயில் உப்புத்தண்ணீர் கசிகிறது என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி.

2017 இல் வேறொரு கட்டுரை வந்தது. அந்தக் கோடுகள் மணல் தானாகச் சரியக்கூடிய செங்குத்து உள்ள இடங்களில் மட்டும்தான் வருகின்றன, சரிவு குறைந்தவுடன் நின்றுவிடுகின்றன. தண்ணீர் என்றால் சாய்வு குறைந்தாலும் ஓடும். ஆகவே இது பெரும்பாலும் காய்ந்த மணல் சரிவுதான். அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் அல்பிரட் மக்யூவன். 2011, 2015 கட்டுரைகளிலும் இருந்தவர் அவரே. லோவெல் செய்யாத ஒன்றை அவர் செய்தார்: தன் சொந்தக் கண்டுபிடிப்பையே திரும்ப உரசிப் பார்த்தார். ஆனால் 2015 இன் செய்தி போன வேகத்தில் 2017 இன் செய்தி போகவில்லை. நம்மில் எத்தனை பேருக்கு இரண்டாவது செய்தி வந்து சேர்ந்தது?

2018 இல் தென்துருவப் பனிக்குக் கீழே ஒன்றரைக் கிலோமீற்றர் ஆழத்தில், 20 கிலோமீற்றர் அகலத்தில் திரவ நீர் இருக்கலாம் என்று இத்தாலிய ஆய்வாளர்கள் ரேடார் எதிரொலியை வைத்துச் சொன்னார்கள். களிமண்ணாலும் அப்படி ஓர் எதிரொலி வரலாம் என்று மற்றவர்கள் காட்டினார்கள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

தண்ணி எங்க போச்சு?

மூன்றாவது கேள்விக்கு வருவோம். செவ்வாயின் உட்பகுதி ஆறியதோடு, கோள் முழுவதையும் சுற்றியிருந்த காந்தப்புலம் ஏறத்தாழ நானூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பு அணைந்துபோனது. சிறிய கோள், ஈர்ப்பும் குறைவு. சூரியனிலிருந்து வீசும் துகள்கள் காற்றுமண்டலத்தைச் சிறிது சிறிதாக அரித்தன. 2014 இல் போய்ச் சேர்ந்த மேவன் கலம் ஆகன் வாயுவை அளந்து, இருந்ததில் மூன்றில் இரண்டு பங்களவு ஆகன் விண்வெளிக்குப் போய்விட்டதென்று காட்டியது.

தண்ணீரும் போனது என்பதற்குச் சான்று தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. ஐதரசனில் சாதாரணமானது ஒன்று, இரட்டைப் பாரமுள்ளது ஒன்று. பாரம் குறைந்தது இலேசாகத் தப்பிவிடும், பாரமானது பின்தங்கும். செவ்வாயின் காற்றில் உள்ள நீராவியில் பார ஐதரசனின் பங்கு பூமியில் உள்ளதைவிட ஐந்து மடங்குக்கும் அதிகம். மிச்சம் கிடப்பதைப் பார்த்தே எவ்வளவு போயிருக்கும் என்று கணக்குப் போடலாம். ஆனால் எல்லாம் மேலே போகவில்லை. ஒரு பெரும் பங்கு களிமண் கனியங்களுக்குள் கட்டுண்டு நிலத்துக்குள்ளேயே இருக்கிறது என்று 2021 இல் வெளிவந்த ஆய்வொன்று சொன்னது. இன்னொரு பங்கு துருவங்களிலும் மண்ணுக்குக் கீழேயும் பனிக்கட்டியாக இருக்கிறது.

'எவ்வளவு காலம்?' என்ற கேள்வியில்தான் இன்றைக்கும் சண்டை. அந்தக் காலத்துச் சூரியன் இன்றைய வெளிச்சத்தில் எழுபது வீதம் அளவுதான். அப்படியிருக்க செவ்வாய் எப்படிச் சூடாக இருந்தது? மழை பெய்த வெதுவெதுப்பான கோளா, அல்லது பெரும்பாலும் உறைந்து கிடந்து இடைக்கிடை மட்டும் உருகி ஓடிய கோளா? தண்ணீர் ஆயிரம் ஆண்டு நின்றதா, கோடி ஆண்டு நின்றதா என்பதில்தான் அங்கே ஏதாவது உயிர்த்திருக்குமா என்பதும் தொங்குகிறது.

2024 இல் பெர்சவரன்ஸ், ஜெசரோவுக்குள் தண்ணீர் கொண்டுவந்த பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கில், சிறுத்தைப்புள்ளி போல வளையங்கள் கொண்ட ஒரு சேற்றுப்பாறையைக் கண்டது. பூமியில் இப்படியான புள்ளிகளுக்கு நுண்ணுயிர்கள் காரணமாவது உண்டு. உயிர் இல்லாமலும் அவை வரலாம். 2025 இல் வந்த ஆய்வுக்கட்டுரை அதனால்தான் 'சாத்தியமான' என்ற சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பாறையிலிருந்து குடைந்தெடுத்த, விரல் பருமனுள்ள ஒரு துண்டு இப்போது மூடிய குழாயொன்றுக்குள் செவ்வாயிலேயே இருக்கிறது. பூமியின் ஆய்வுகூடத்துக்கு வந்தால்தான் அது முழுசாகப் பேசும். அதைக் கொண்டுவரும் திட்டமோ செலவுக் கணக்கில் இழுபட்டது.

ஆகவே அடுத்த முறை அந்தத் தலைப்பு உங்கள் தொலைபேசிக்கு வரும்போது, 'திரும்பவுமா?' என்று தள்ளிவிடவும் வேண்டாம், அப்படியே பத்துப் பேருக்கு அனுப்பவும் வேண்டாம். எந்தக் காலத்துத் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறார்கள்? வடிவத்தைக் கண்டார்களா, கல்லைத் தொட்டார்களா, எதிரொலியை மட்டும் கேட்டார்களா? அதைத் தண்ணீர் இல்லாமல் விளக்க முடியுமா என்று யாராவது முயன்று பார்த்தார்களா? லோவெலின் வாசகர்களிடம் இந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இருந்தன. வொலஸின் புத்தகம் கடையில் கிடைத்தது. அவர்களில் பலர் வாய்க்கால் கதையையே வாங்கிக்கொண்டு போனார்கள்.